எல்சிக்காவின் காற்று முறை

ஏழாம் கட்டிலுக்கு மேலே இருந்த மின்விசிறி சித்திரையில் நின்றது. நின்ற அன்றே புகார்ப் புத்தகத்தில் எழுதினார்கள். ஆவணி பிறந்தும் அது சுற்றவில்லை. அந்தக் கட்டில் மேற்கு ஜன்னலை ஒட்டியது. ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை. பகல் ஒரு மணிக்கு மேல் வெயிலும் டீசல் புகையும் சேர்ந்தே உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும். திறந்தால் தூசி.

அதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தவர் எல்சிக்கா. பெண்கள் வார்டின் ஆயா. "ஆயா" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "எனக்கு நாப்பத்தி நாலு வயசுதான் ஆவுது. ஆயாவாம் ஆயா. உன் ஆயா வூட்ல கீறாங்க, போய்க் கூப்புடு" என்பார். அதனால் நோயாளிகளிலிருந்து நர்சுகள் வரை எல்லாருக்கும் அவர் எல்சிக்காதான்.

ராயபுரத்தில் அவர் இருக்கும் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு சுற்றுக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு குடம். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் சரி, சாவு என்றாலும் சரி, சுற்று மாறாது. எல்சிக்கா அதை அப்படியே வார்டுக்குக் கொண்டுவந்தார். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று கட்டில்காரர்களும் நாளுக்கு ஒருவராக ஏழாம் கட்டிலில் படுக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாறுவார்கள். நாலு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ட்ரிப்ஸ் கம்பி ஆளோடு போகும். தண்ணீர் பாட்டிலும் தலையணையும் ஆளோடு போகும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். "அது டாக்டருங்க சாமான். நாம தொடக்கூடாது" என்பது எல்சிக்காவின் நியாயம்.

இதற்குக் 'காற்று முறை' என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. வார்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நர்சுகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். "நேத்து நான் வெந்தேன், இன்னிக்கு நீ வேவு" என்று ஒருத்தி சொல்ல, "நான் ஏற்கெனவே வெந்த கருவாடுதான்" என்று இன்னொருத்தி சொல்ல, சிரிப்போடுதான் இடம் மாறுவார்கள்.

எனக்கு மட்டும் தெரியாது. நான் அதே ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். டோல்கேட்டுக்கு அருகே ஒரு அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். வார்டுகளுக்குக் காலை ஏழு மணிக்குப் போய் ரத்த மாதிரி எடுத்து வருவேன். மதியத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க நேர்ந்ததே இல்லை.

என்னைப் பார்த்தாலே எல்சிக்கா வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்துவார். "எல்லாரும் கைய மறைச்சுக்கோங்க, காட்டேரி வந்துட்டா!" பிறகு கிட்டே வந்து, "துன்னியா மலரு? மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று கேட்பார். என் பெயர் மலர்க்கொடி. புளியந்தோப்புக் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா வரதன் யானைக்கவுனி குடோன்களில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்ததற்குப் பின்னால் இதுவும் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம்.

எல்சிக்கா ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த கதை தனி. அவர் கணவர் அருள்நாதன் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கட்டி அவிழ்க்கும் வேலையில் இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் சங்கிலி அறுந்து இடுப்பில் விழுந்தது. ஆண்கள் வார்டில் நாற்பது நாள் படுத்திருந்தார். அங்கேயும் அவர் தலைக்கு மேலிருந்த விசிறி ஓடவில்லை. எல்சிக்கா எக்ஸ்ரே கவரை மடித்து விசிறியிருக்கிறார். நாற்பது நாளும். "கை வீங்கிப் போச்சு மலரு. அதுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமான்னு கேட்டாரு அந்த மனுசன்" என்று சிரிப்பார். அந்த நாற்பது நாளில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கஞ்சி ஊட்டினார், பெட்பேன் வைத்தார், புண்ணுக்கு மருந்து போடும்போது கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் டிஸ்சார்ஜ் ஆன அன்று, ஒப்பந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் சாலமோன், "நாளைக்கும் வரியா? சம்பளம் தரேன்" என்று கேட்டாராம். அருள்நாதன் இப்போது எண்ணூர் சாலையில் ஒரு யார்டில் வாட்ச்மேன். காலைத் தாங்கித்தான் நடப்பார். வீட்டின் நிலையான வருமானம் எல்சிக்காவுடையது. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலையை நிலையானது என்று சொல்லலாம் என்றால்.

அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் வார்டில் யார் யார், எதற்கு வந்தவர்கள், யாருக்கு எந்தக் கையில் ஊசி, யார் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பதெல்லாம் கேஸ் ஷீட்டைவிட அவரிடம் துல்லியமாக இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழாம் கட்டிலுக்கு உரியவர் ஃபாத்திமாம்மா. அறுபது வயது. காய்ச்சலும் சர்க்கரையும். காது கொஞ்சம் மந்தம். எட்டாம் கட்டில் செங்கொடியுடையது. முப்பத்தெட்டு வயது. எம்.கே.பி. நகரிலிருந்து வந்தவர். கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியிருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை மடிக்கும் வேலையில் நின்றுகொண்டே மயங்கி விழுந்தவரை, அவர் கணவர் வல்லரசு தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் ஹென்றி முடிவு செய்தபோது மதியம் இரண்டு மணி. "உடனே மாதிரி எடுத்துப் பொருத்திப் பாரும்மா" என்று போனில் சொன்னார்.

அன்றைக்குக் காற்று முறையில் ஏழாம் கட்டிலில் வேக வேண்டியவர் செங்கொடி. அவர் ஏழில் படுத்திருந்தார். ஃபாத்திமாம்மா எட்டில் இருந்தார்.

நான் ரத்த வங்கி மேசையிலேயே, ரத்தம் எடுக்கும் குழாயில் பெயர் எழுதிவிட்டேன். செங்கொடி, 38, ஆஸ்பத்திரி எண், கட்டில் 8. எழுதிய குழாயைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மேலே போனேன். முதலில் எழுதிவிட்டால் மேலே போய் நேரம் ஆகாது. அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், எட்டு மாதமாக.

எட்டாம் கட்டிலில் ஒருவர் முந்தானையை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் செங்கொடியின் கேஸ் ஷீட். எண் சரியாக இருந்தது.

"செங்கொடிதானே? ரத்தம் எடுக்கணும், கைய நீட்டுங்கம்மா" என்றேன்.

முந்தானைக்குள் தலை அசைந்தது. கை நீண்டது. ஃபாத்திமாம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க ஒரு நாளைக்கு நாலு தரம் விரலில் குத்துகிறார்கள். யாராவது வெள்ளைக் கோட்டில் வந்து கையைக் கேட்டால் நீட்டுவது அவருக்குப் பழகிப்போனது. நானும் தலையாட்டலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். 'உங்கள் பெயர் என்ன' என்று கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்திருக்கும்.

எல்சிக்கா அப்போது கேன்டீனில் கஞ்சி வாங்கப் போயிருந்தார்.

முழங்கை மடிப்பில் எடுத்து, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டினேன். கீழே வந்து வகை பார்த்தேன். பி பாசிட்டிவ். குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு பி பாசிட்டிவ் பை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது. என் பரிசோதனையில் ஒரு பிழையும் இல்லை. பரிசோதித்த ரத்தம்தான் வேறொருவருடையது.

நாலு மணிக்கு முன் கட்டில்கள் பழையபடி மாறின. நாலே காலுக்கு ரத்தப் பை வார்டுக்குப் போனது. அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. வார்டு நர்ஸ் யசோதரா சிஸ்டரும் மற்றவர்களும் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

யசோதரா சிஸ்டர் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய விதத்தில் செய்தார். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு, இருவருமாகப் பையின் எண், வகை, காலாவதி நாள், ஆஸ்பத்திரி எண் எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்தார்கள்.

"உங்க பேரு சொல்லுங்க."

"செங்கொடி."

"வூட்டுக்காரரு பேரு?"

"வல்லரசு. பேர்லதான் வல்லரசு. ஊசியப் பாத்தா மயக்கம் வந்துரும்."

எல்லாம் பொருந்தியது. வெப்பம், நாடி, ரத்த அழுத்தம் எழுதிக்கொண்டார். சொட்டை மெதுவாகத் திறந்துவிட்டுக் கட்டிலின் பக்கத்திலேயே நின்றார். முதல் பதினைந்து நிமிடம் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. ஏதாவது கோளாறு வருவதென்றால் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும்.

எல்சிக்கா ஏழாம் கட்டிலில் ஃபாத்திமாம்மாவுக்குக் கை துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். டீ வரும் நேரம். ஈரத் துணி முழங்கையில் பட்டபோது பிளாஸ்திரி தட்டுப்பட்டது.

"இன்னாம்மா இது? காத்தால கை சுத்தமாத்தானே இருந்துச்சு?"

"மதியம் எடுத்தாங்கோ" என்றார் ஃபாத்திமாம்மா.

"விரல்லதானே குத்துவாங்கோ?"

"இல்ல, இங்கதான். நெறைய எடுத்தாங்கோ."

எல்சிக்கா துணியைக் கீழே போட்டார். மதியம் ஃபாத்திமாம்மா எந்தக் கட்டிலில் இருந்தார் என்பது அவருக்கு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை. இரண்டே அடியில் செங்கொடியிடம் போனார். இடது கையில் ட்ரிப்ஸ் ஊசி. வலது கையைப் புரட்டிப் பார்த்தார். புதிதாகக் குத்திய தடம் எதுவும் இல்லை.

"ஏம்மே, இன்னிக்கு உனக்கு ரத்தம் எடுத்தாங்களா? டெஸ்டுக்கு?"

"இல்லியேக்கா. நேத்துதான்."

அடுத்து எல்சிக்கா செய்த காரியம், ஒப்பந்த ஊழியர் யாரும் கனவிலும் செய்யக்கூடாதது. ட்ரிப்ஸ் குழாயின் உருளையைக் கட்டைவிரலால் கீழே தள்ளி மூடினார்.

"எல்சிக்கா! இன்னா பண்றீங்க? கைய எடுங்க!" என்று கத்தினார் யசோதரா சிஸ்டர்.

"இது இவ ரத்தத்துக்குப் பாத்தது இல்ல சிஸ்டர். ஃபாத்திமாம்மாவுக்குப் பாத்தது."

"பேரு, நம்பரு எல்லாம் நான் பாத்தாச்சு. சரியாத்தான் கீது."

"பேரு சரியா கீது. கை சரியா இல்ல. பாருங்க. இவ கைல குத்தவே இல்ல."

அந்த நேரத்தில் செங்கொடி, "குளுருதுக்கா" என்றார்.

யசோதரா சிஸ்டரை நான் எப்போதும் மெச்சுவது இதற்குத்தான். அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. குழாயையும் பையையும் முழுதாகக் கழற்றினார். ஊசியை மட்டும் விட்டுவிட்டு, புதுக் குழாயில் சலைன் போட்டார். டாக்டர் ஹென்றிக்கு ஒரு போன். அடுத்த போன் எனக்கு. "மலர்க்கொடி, பையைத் திருப்பி அனுப்புறேன். நீ உடனே மேல வா. புதுசா மாதிரி எடுக்கணும்."

போனேன். எல்சிக்கா என்னைப் பார்த்துக் காட்டேரி என்று கத்தவில்லை.

செங்கொடியின் கையில் எடுத்தேன். இந்த முறை பெயர் எழுதாத குழாய். எடுத்த பிறகு, அவர் பெயரைச் சொல்லச் சொல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே எழுதினேன். நின்றபடி எழுதியதில் எழுத்து கோணியது. கீழே போய்ப் பார்த்தேன். ஓ பாசிட்டிவ்.

ஓ வகைக்காரருக்கு பி ரத்தம் ஏறினால் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். ஏறிய அணுக்கள் உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும். உயிர் போக ஒரு பை முழுதும் தேவையில்லை. செங்கொடிக்கு ஏறியது மூன்று நிமிடச் சொட்டு. அது கொஞ்சமா, அதிகமா என்பதை அவர் உடம்புதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஹென்றி வார்டின் நடுவில் நின்று கேட்டார். "எப்படி மாறிச்சு?"

யாரும் பேசவில்லை. நானும்தான்.

"நான்தான் சார் கட்டில மாத்துனேன்" என்றார் எல்சிக்கா. "மதியானத்துல மாத்துவோம். காத்துக்கு. சிஸ்டருங்க மேல தப்பு இல்ல."

டாக்டர் அவரைப் பார்த்தார், மேலே விசிறியைப் பார்த்தார், செங்கொடியிடம் திரும்பினார். "யூரின் வரும்போதெல்லாம் எனக்குக் காட்டணும். சிவப்பாவோ, சாயத் தண்ணி மாதிரியோ இருந்தா உடனே கூப்பிடணும்."

எல்சிக்காவின் வேலை நேரம் ஐந்து மணியோடு முடிகிறது. அவர் போகவில்லை. பெட்பேன் அவர் கையில்தான் இருந்தது. ஐந்தரைக்கு முதல் முறை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். எனக்கு எந்த வேலையும் இல்லை, ஆனால் கீழே உட்கார முடியவில்லை. வெளியே லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. குடுவையில் இருந்தது வெளிறிய மஞ்சள்.

"எப்டி கீது?" என்று படுத்தவாக்கில் கேட்டார் செங்கொடி.

"எலுமிச்சை ஜூஸ். சக்கரை போட்டா வித்துடலாம்."

செங்கொடி சிரித்தார். அவருக்குக் குளிர் நின்றிருந்தது. காய்ச்சல் நூறைத் தொட்டு அங்கேயே நின்றது. வல்லரசு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். யசோதரா சிஸ்டர் அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லியிருந்தார். அவர் கோபப்படவில்லை. அல்லது கோபப்படுவதற்கு முன் பயம் தீர வேண்டியிருந்தது.

இரண்டாவது முறைக்குக் காத்திருந்தபோது எல்சிக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"சாலமோன் போன் பண்ணாரு. நாளைலேர்ந்து வராதன்றாரு. டிரிப்ஸத் தொட்டதுக்கே சீட்டு கிழிப்பாங்க, இதுல கட்டில வேற மாத்திக்கீற, பேஜாரு புடிச்ச வேலை பண்ணிட்டியேன்றாரு."

"அக்கா..."

"என் வூட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. அந்த ஆளு காலத் தேச்சுகினு உக்காந்துருப்பாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் மலரு, நீ எடுக்கும்போது பேரு கேக்கலியா?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கேட்டேங்க்கா" என்றேன். பிறகு, "இல்ல. நானே பேரச் சொல்லி, நீங்கதானேன்னு கேட்டேன்."

"அந்தம்மா எல்லாத்துக்கும் தலையாட்டும்."

"தெரியாது எனக்கு."

"எனக்குத் தெரியும். நான் கஞ்சி வாங்கப் போயிட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. 'நீயும் போய்ச் சொல்லு' என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் படித்த படிப்பில் இது ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. நோயாளியைத் தன் பெயரைத் தானே சொல்லச் செய்ய வேண்டும். கட்டில் எண்ணை அடையாளமாகக் கொள்ளக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு நோயாளி. மாதிரி எடுத்த பிறகு, அவர் பக்கத்திலேயே குழாயில் எழுத வேண்டும். முன்பே எழுதி வைக்கக்கூடாது. இந்தக் கேள்விக்கு நான் பத்துக்குப் பத்து வாங்கினேன். விடைத்தாளில் எழுதியதும் கையில் செய்ததும் எப்போது பிரிந்தன? எட்டு மாதத்தில் ஏதோ ஒரு நாள், மேசையிலேயே எழுதிவிட்டால் சீக்கிரம் முடியும் என்று தோன்றிய அந்த நாளில். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாகக் கதை பேசி நிற்பது எனக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டிருக்கவும் கூடும். அது எல்சிக்காவின் வேலை, என்னுடையது பரிசோதனை என்று நினைத்திருக்கிறேன். இதை ஒத்துக்கொள்வது குழாயைப் பற்றி ஒத்துக்கொள்வதைவிடக் கடினமாக இருக்கிறது.

ஏழரைக்கு இரண்டாவது முறை. மஞ்சள்தான். டாக்டர் ஹென்றி பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் புரட்டிவிட்டு, "தப்பிச்சோம்" என்றார். எல்சிக்கா குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புடவையை உதறிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை மேட்ரன் அறையில் விசாரணை. மேட்ரன், டாக்டர் ஹென்றி, யசோதரா சிஸ்டர், சாலமோன், எல்சிக்கா, நான். மேசையில் இரண்டு பக்கத்துச் சம்பவப் படிவம். சாலமோன் முந்திக்கொண்டார்.

"மேடம், எங்க கம்பெனி இதுக்குப் பொறுப்பு எடுத்துக்குது. இந்த அம்மாவ நிறுத்திட்டோம். வேற ஆள் அனுப்புறோம்."

எல்சிக்கா தலை குனியவில்லை. அழவும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"குழாய்ல பேரு எழுதுனது நான்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் எழுதியது, கட்டில் எண்ணைப் பார்த்தது, நானே பெயரைச் சொல்லிக் கேட்டது, எட்டு மாதமாக அப்படிச் செய்தது. "கட்டில் மாறலன்னாலும் இது ஒருநாள் நடந்திருக்கும் மேடம். பக்கத்துக் கட்டில்காரங்க கொஞ்சம் காலாற அங்க உக்காந்திருந்தாலே போதும். எல்சிக்கா பாக்கலன்னா யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஏன்னா அதுக்கப்புறம் எல்லாரும் பாத்தது நான் எழுதுன பேரத்தான்."

மேட்ரன் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவையும் நகர்த்தினார். "நீயே எழுது."

படிவத்தில் 'காரணங்கள்' என்று ஒரு கட்டம். முதலில் என் தவறை எழுதினேன். இரண்டாவதாக, நோயாளிகள் கட்டில் மாறியதை. பிறகு கொஞ்சம் தயங்கி, மூன்றாவதாக எழுதினேன்: ஏழாம் கட்டிலின் மின்விசிறி ஐந்து மாதமாக ஓடவில்லை.

"இன்னா எழுதிக்கீற? படி" என்றார் எல்சிக்கா.

படித்தேன். மூன்றாவதைக் கேட்டதும் சாலமோன் பக்கம் திரும்பி, "பாத்தியா நைனா, உன் கம்பெனி வேற ஆள அனுப்புறதுக்கு முன்னாடி காத்து வந்துரும் போல கீது" என்றார். டாக்டர் ஹென்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாலமோனுக்கு வரவில்லை.

செங்கொடிக்கு அன்று மதியம் ஓ பாசிட்டிவ் ரத்தம் ஏறியது. அதற்கு முன் யசோதரா சிஸ்டரே இன்னொரு மாதிரி எடுத்து அனுப்பினார். இரண்டு பேர் தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரிகளின் வகை ஒத்துப்போனால்தான் பை தர வேண்டும் என்று புது விதி போட்டார்கள். எல்லா வார்டிலும் நோயாளிகளின் மணிக்கட்டில் பெயர்ப் பட்டை வந்தது. விசிறி வெள்ளிக்கிழமை சுற்றியது. எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. ஒரு மாதம் தனியாக மாதிரி எடுக்க அனுமதி இல்லை. செங்கொடி ஆபரேஷன் முடிந்து, பன்னிரண்டாம் நாள் அதே மீன்பாடி வண்டியில் வீட்டுக்குப் போனார். இந்த முறை உட்கார்ந்துகொண்டு.

எல்சிக்காவை நிறுத்தவில்லை. ஆனால் பெண்கள் வார்டில் விடவும் இல்லை. கட்டில்கள் பக்கம் இருக்கவே கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நான் சொன்னது அவர் வேலையை மட்டும்தான் காப்பாற்றியது, அவர் இடத்தைக் காப்பாற்றவில்லை. வார்டுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு யார் பெயரும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

எல்சிக்கா இப்போது ரத்த வங்கியிலிருந்து வார்டுகளுக்குக் குளிர்ப்பெட்டி கொண்டுபோகிறார். பை வெளியே எடுத்து அரை மணிக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும் என்று ஒரு முறை சொன்னேன். அன்றிலிருந்து வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்பதில்லை. "ஐஸ்க்ரீம் எடுத்துகினு போறேன், உருகிடும்" என்று கத்திக்கொண்டே படியேறுவார். ஒரு நேரத்தில் ஒரு நோயாளிக்கு உரிய பைதான் வாங்கிக்கொள்வார். எழுத்து தெரியாததால் சீட்டிலும் பையிலும் உள்ள எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நான் வாசிக்க வேண்டும். அவர் விரல் சீட்டின் மேல் நகரும். எண்கள் அவருக்குத் தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பழகியது.

கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். முதல் நாள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. இப்போது பழகிவிட்டது.

"பேர எங்க நின்னு எழுதுன?"

"கட்டிலாண்டதாங்க்கா."

போன வாரம் ஆண்கள் வார்டிலிருந்து ஒரு நோயாளிக்கு இரண்டு குழாய்கள் வந்தன. பயிற்சிக்கு வந்த பையன் ஆண்ட்ரூ கொண்டுவந்து வைத்தான். இரண்டிலும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் பெயர். எழுத்து அழகாக, நேராக இருந்தது. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதினால் அவ்வளவு நேராக வராது. ஆண்ட்ரூவிடம் கேட்டேன். அவன் காதைச் சொறிந்தான். ரெண்டையும் ஒரே தடவையில எடுத்துட்டேன், மேசையில எழுதிட்டேன் என்றான்.

டாக்டர் போனில் அவசரப்படுத்தினார். எல்சிக்கா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நின்றிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. நான் இரண்டு குழாய்களையும் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, பெயர் எழுதாத புதுக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை வார்டு சிஸ்டர் எடுப்பார்.

"இன்னொரு தடவ குத்தணுமா அந்தாள?" என்றார் எல்சிக்கா.

"ஆமாங்க்கா."

"திட்டுவாரு."

"திட்டட்டும்."

அவர் பெட்டியைக் கவுண்டரில் இறக்கி வைத்தார். "போயிட்டு வா. நான் இங்கயே கீறேன்" என்றார். நான் படியேறினேன். பாதிப் படியில் இருக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது. ஆண்கள் வார்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"கைய மறைச்சுக்கோங்க! காட்டேரி மேல வந்துகினு கீறா!"